மேடையில் இடம் உண்டு. மண்ணில் இடம் எங்கே?

தலையங்கம்

ஆகஸ்டு 9ஆம் தேதியை உலகப் பழங்குடி மக்கள் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1994ல் அறிவித்தது. நம் நாட்டில் 2021 முதல் பிர்சா முண்டா பிறந்த நாளான நவம்பர் 15ம் பழங்குடி மக்களின் பெருமையைப் போற்றும் தினமாகக் கொண்டாடப்படுகிறது. விழாக்களுக்குக் குறைவில்லை. கொட்டு முழங்குகிறது. ஆட்டம் நடக்கிறது. மந்திரிமார் பொன்னாடை போர்த்துகிறார்கள். மாலையானதும் ஆடியவர்கள் பஸ் ஏறி மலைக்குத் திரும்புகிறார்கள். மறுநாள் அவர்களுடைய நில மனு அதே மேசையில் அதே தூசியோடு கிடக்கிறது.

நமது சங்கத்தின் அடுத்த பொங்கல் விழாவில் மலைமக்களின் கலைநிகழ்ச்சி ஒன்றையும் சேர்க்கலாமே என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் யாரை, எதற்காக, எந்த முறையில் அழைக்கிறோம் என்பதைத் தீர விசாரித்துக்கொண்டே நாம் அழைக்க வேண்டும். அதற்காகவே இந்த மாதத் தலையங்கத்தை இதற்கு ஒதுக்குகிறோம்.

கனகக்குன்றில் நடந்தது

2023 நவம்பர் 1 முதல் 7 வரை திருவனந்தபுரத்தில் ‘கேரளீயம்’ என்னும் பெருவிழாவை மாநில அரசு நடத்தியது. அதன் ஒரு பகுதியாகக் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் கேரள நாட்டுப்புறக் கலை அகாடமி, ‘ஆதிமம்’ என்ற பெயரில் உயிருள்ள அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தது. குடில்கள் போடப்பட்டன. ஊராளி, மாவிலர், காணி, மன்னான், பளியர் ஆகிய ஐந்து சமூகங்களைச் சேர்ந்த மக்கள் இலை தழை உடுத்தி, உடம்பில் வண்ணம் பூசி, அந்தக் குடில்களின் முன் அமர்ந்திருந்தார்கள். கூட்டம் வந்தது, பார்த்தது, படம் பிடித்தது.

கண்டனம் எழுந்தது. ஆதிவாசிகள் காட்சிப் பொருள் அல்லர் என்று அப்போது அத்துறையின் மந்திரியாக இருந்த கே. ராதாகிருஷ்ணனே சொல்ல வேண்டியதாயிற்று. கலைஞர்கள் தங்கள் கலையைக் காட்டவே வந்தார்கள் என்று அகாடமி தரப்பில் விளக்கம் கொடுத்தார்கள்.

அந்த விளக்கத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட வேண்டாம். கலைஞன் மேடை ஏறுவதில் இழிவு ஏதும் இல்லை. நம்மூர்க் கரகாட்டக்காரரும் தப்பாட்டக்காரரும் வேடம் கட்டித்தான் ஆடுகிறார்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் வேடத்தைக் களைந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பேசிய கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார்கள். பார்த்தவனும் ஆடியவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். குடிலின் முன்னே உட்காரவைக்கப்பட்டவனுக்கு வேடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? இன்று மொபைல் வைத்திருக்கிற, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற மனிதனைப் பார்த்து, “நீ இப்படித்தான் இருக்க வேண்டும், இப்படி இருந்தால்தான் நீ ஆதிவாசி” என்று சொல்லாமல் சொல்வதல்லவா அது?

இன்னொரு காட்சியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனகக்குன்றில் உட்காரவைக்கப்பட்டவர்களில் மன்னான் சமூகத்தாரும் இருந்தார்கள். அந்தச் சமூகத்தின் அரசரான இடுக்கி கோவில்மலை ராமன் ராஜமன்னான் 2025 குடியரசு தின அணிவகுப்பைக் காண டெல்லிக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். ஒரே சமூகம், ஓரிடத்தில் காட்சிப் பொருள், மற்றோரிடத்தில் விருந்தாளி. நாம் எந்த வழியில் அழைக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

கடல் கடந்த பாடம்

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம் கொண்டாடுகிறார்கள். அந்த மண்ணின் ஆதிகுடிகளும் பின்னால் வந்து குடியேறியவர்களும் ஒன்றுகூடும் வாரம் அது. பாட்டும் கூத்தும் ஓவியமும் விருந்தும் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த வாரத்தின் முதல் நாளையும் கடைசி நாளையும் கவனியுங்கள்.

1967 மே 27 அன்று நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாக்களித்து, ஆதிகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கத் தடையாக இருந்த அரசியல் சட்டப் பிரிவை நீக்கினார்கள். 1992 ஜூன் 3 அன்று வந்த மாபோ வழக்குத் தீர்ப்பு, வெள்ளையர் வரும்போது அது ஆளில்லாத நிலம் என்ற பழைய பொய்யைத் தூக்கி எறிந்தது. ஆக, தலைக்கணக்கு ஒரு முனையில், நிலக்கணக்கு மறு முனையில், நடுவில்தான் திருவிழா.

பெற்றோரிடமிருந்து பிடுங்கிக் கொண்டுபோகப்பட்ட தலைமுறைப் பிள்ளைகளின் துயரம் பற்றிய விசாரணை அறிக்கை 1997ல் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் சிட்னி துறைமுகப் பாலத்தின் மீது இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் நல்லிணக்கத்துக்காக நடந்து சென்றார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆதிகுடிகளின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் ஓர் இடம் கொடுக்கலாமா என்று 2023 அக்டோபர் 14 அன்று நாட்டைக் கேட்டபோது, பத்தில் ஆறு பேர் “வேண்டாம்” என்று வாக்களித்துவிட்டார்கள். விழாவில் கைதட்டுகிற கை எல்லாம் வாக்குச்சாவடியில் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு தேசத்தின் முன் வைத்தார்கள். நம் நாட்டில் அந்தக் கேள்வி எப்போது வைக்கப்பட்டது?

கேரளத்தின் பாக்கிக் கணக்கு

ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். பழைய பாக்கியை எடுத்து எழுதாமல் புதிய பக்கம் தொடங்க முடியாது. நல்லிணக்கமும் அப்படித்தான். கேரளத்தின் பாக்கிப் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1975ல் கேரளச் சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. 1960க்குப் பின் ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் அதற்கு விதிமுறை எழுதவே 1986 வரை ஆயிற்று. வயநாட்டைச் சேர்ந்த டாக்டர் நல்லதம்பி தேரா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நிறைவேற்றுங்கள் என்று 1993ல் கோர்ட்டு சொன்னது. அரசாங்கம் என்ன செய்தது? நிலத்தை மீட்பதற்குப் பதிலாக 1996ல் சட்டத்தையே திருத்தப் புறப்பட்டது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்து நின்ற அந்த நாளில் எதிர்த்து நின்றவர் கே. ஆர். கௌரியம்மா ஒருவரே. அந்தத் திருத்தம் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காமல் நின்றது. பிறகு 1999ல் புதிய சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை பறித்தவன் அதைத் தானே வைத்துக்கொள்ளலாம், இழந்தவனுக்கு வேறெங்காவது நிலம் என்றது அது. 2009ல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

இடையில் 2001ல் பட்டினிச் சாவுகள். சி. கே. ஜானு, எம். கீதானந்தன் தலைமையில் ஆதிவாசிகள் தலைமைச் செயலகத்தின் முன்னே குடில் கட்டி 48 நாள் போராடினார்கள். கனகக்குன்றில் 2023ல் அலங்காரத்துக்குப் போட்ட குடிலை, அதே நகரத்தில் 22 வருஷத்துக்கு முன் அவர்கள் ஆயுதமாகப் போட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நிலமற்ற குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை என்று அப்போதைய முதல்வர் ஏ. கே. ஆண்டனி ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தம் நடைக்கு வராததால் முத்தங்கா காட்டில் குடியேறினார்கள். 2003 பிப்ரவரி 19 அன்று போலீஸ் துப்பாக்கி பேசியது. ஜோகி என்ற ஆதிவாசி பலியானார். வினோத் என்ற போலீஸ்காரரும் உயிரிழந்தார். மீண்டும் 2014ல் தலைமைச் செயலகத்தின் முன் 162 நாள் ‘நில்ப்புச் சமரம்’ நடந்தது. நின்றுகொண்டே நடத்திய போராட்டம் அது.

ஏன் நின்றார்கள்? உட்கார மண் இல்லை என்பதைக் காட்ட. அந்த ‘நில்ப்பு’ என்ற சொல்லுக்கு வயநாட்டில் இன்னொரு சரித்திரமும் உண்டு. மானந்தவாடிப் பக்கத்து வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழாவுக்கு ஜன்மிமார் வருவார்கள். பணியர், அடியர் சமூகத்து ஆட்களிடம் ‘நில்ப்புப் பணம்’ என்று ஒரு சிறு தொகையைக் கொடுத்து, அடுத்த திருவிழா வரை ஒரு வருஷத்துக்கு ஆளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். சாமி சாட்சியாக அடிமைச் சந்தை! அங்கேயும் மேளம் இருந்தது, ஆட்டம் இருந்தது. எனவே கலை விழா என்றாலே மக்களுக்கு மரியாதை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நமக்கு இது புரியாத சங்கதியா? மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்ப’ வழக்கம் இருந்தது. வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லையை விட்டெறிவான் மூப்பன். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்குச் சோறு. அந்த வழக்கத்தை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளிகள் செத்தார்கள். சாப்பவும் நில்ப்புப் பணமும் ஒரே தறியில் நெய்த துணி.

நாமும் இதில் சம்பந்தப்பட்டவர்களே

இதெல்லாம் மலையாளிகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் இடையிலான வழக்கு, பிழைக்க வந்த தமிழனுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். மூன்று விதத்தில் இது நம் சங்கதி.

முதலாவது, உறவு. அட்டப்பாடி இருளரின் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். பாதி நமக்குப் புரியும். அந்த மொழியில் பாடித்தான் நஞ்சியம்மா 2022ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை அறிவிக்கப் பெற்றார். மூணாறு மலைகளில் வாழும் முதுவர்கள் மதுரையிலிருந்து முதுகில் பிள்ளையையும் சாமியையும் சுமந்து மலையேறியவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். மன்னான்களின் கதையும் மதுரையிலிருந்தே தொடங்குகிறது. பளியர்கள் தேனி, திண்டுக்கல் மலைகளிலும் இருக்கிறார்கள். நமக்கு முன்னமே எல்லை கடந்தவர்கள் இவர்கள். எல்லை போடுவதற்கு முன்பே கடந்தவர்கள்.

இரண்டாவது, கடன். இந்தக் கொச்சிக்கு ரயில் வந்தது 1902ல். மகாராஜா யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பாதை போட்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, 1907ல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குப் போடப்பட்ட காட்டு டிராம் பாதை. 1963 வரை அது தேக்கும் ஈட்டியும் இறக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் காடு காடர்களும் மலசர்களும் வாழ்ந்த காடு. மரம் போன பிறகு அணைகள் வந்தன; காடர்கள் இடம் மாறி இடம் மாறி ஒதுக்கப்பட்டார்கள். அந்த வருமானத்தில் வளர்ந்த ஊரில்தான் நாம் மூட்டை தூக்குகிறோம், துணி வெளுக்கிறோம், குமாஸ்தா வேலை பார்க்கிறோம்.

மூன்றாவது விஷயம் கசக்கும். ஆனால் சொல்லாமல் விட முடியாது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. மேற்கேயிருந்து மலையாளக் குடியேறிகள் வந்தார்கள். கிழக்கே கோயம்புத்தூர்ச் சீமையிலிருந்து வந்தவர்கள் தமிழர்கள். உப்புக்கும் துணிக்கும் கடன் கொடுத்து, கைநாட்டு வாங்கி, நிலத்தை எழுதிக்கொண்டவர்களில் நம் மொழி பேசுகிறவர்களும் உண்டு. ராகியும் சாமையும் விளைந்த மண் கைமாறிப் போனது. 2013ல் அதே அட்டப்பாடியில் சத்தில்லாமல் பிறந்த சிசுக்கள் அடுத்தடுத்துச் செத்தபோது நாடு திடுக்கிட்டது. மண் போன வழியே பாலும் போயிற்று.

“அங்கே குடியேறியவனும் ஏழைதானே, அவனைத் துரத்தச் சொல்கிறீர்களா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழைக் குடியானவனுக்கு மாற்று நிலமோ பணமோ கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு. 1975 சட்டத்திலேயே நிலத்தை விட்டுக்கொடுப்பவர் செய்த மேம்பாட்டுக்கு ஈடு சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நூறு ஏக்கர்காரன் தப்பித்துக்கொள்ள நம் சங்கம் ஒருநாளும் குடை பிடிக்காது.

‘பாண்டி’யும் ‘காட்டுவாசி’யும்

நம்மைப் ‘பாண்டி’ என்று ஏளனமாகக் கூப்பிடும்போது நமக்கு வலிக்கிறது. வாத்துருத்தியிலும் வெளியிலும் தோப்பும்படியிலும் வளரும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கண் கலங்கி வீடு வருகிறார்கள். அதே பிள்ளை மறுநாள் இன்னொருவனைக் ‘காட்டுவாசி’ என்று திட்டினால் தாய்மார் சிரித்துவிட்டுப் போகலாமா?

தாள் சங்கதியும் அப்படியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக உள்ள குடும்பம் இங்கே வந்தால், 1950க்கு முன்பே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட் இல்லை, சலுகை இல்லை. அதே போலக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவனிடம் 2005 டிசம்பர் 13க்கு முன் இந்த நிலத்தில் இருந்தாயா, நிரூபி என்று வன உரிமைச் சட்டத்தின் பேரில் ஆபீஸர் கேட்கிறார். தாள் இல்லாதவனின் கஷ்டம் தாள் இல்லாதவனுக்குத்தான் தெரியும்.

அட்டப்பாடி மது கொலையை நினைத்துப் பாருங்கள். மனநலம் குன்றிய அந்த ஆதிவாசி இளைஞரை 2018 பிப்ரவரி 22 அன்று அரிசி திருடினார் என்று சொல்லிக் கட்டி இழுத்து அடித்துக் கொன்றார்கள். பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள். 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று மண்ணார்க்காடு கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதே 2018ன் தொடக்கத்தில்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தி கிளம்பி, கேரளத்தில் பல இடங்களில் பிச்சைக்காரரும் வெளியூர்த் தொழிலாளரும் அடிபட்டார்கள். அழுக்குச் சட்டையும் வேற்றுப் பேச்சும் இருந்தால் போதும், கூட்டம் கை ஓங்கும் என்ற நிலையில் மதுவும் நாமும் ஒரே வரிசையில் நிற்கிறோம்.

வாச்சாத்தி சொல்வது

தமிழ்நாடு இதில் யோக்கியம் என்று மார்தட்டவும் வேண்டாம். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மலையாளிப் பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்தன. ஊர் சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெண்கள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர்களும் கூடவே ஏறி இறங்கினார்கள். நல்லிணக்கம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நாம் இதைக் காட்டலாம். மேடைக்குக் கூட்டிக்கொண்டு போவது ஒரு நாள் வேலை. கோர்ட்டுக்குக் கூடப் போவது முப்பது வருஷ வேலை. அதேபோல 2014ல் வாழச்சால் காட்டில் ஒன்பது காடர் ஊர்களுக்கு 2006 சட்டத்தின்படி சமூக வன உரிமை கிடைத்ததும் நினைவில் வைக்க வேண்டிய வெற்றி. ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

நாம் செய்ய வேண்டியவை

எனவே உறுப்பினர்களின் முன் சில தீர்மானங்களை வைக்கிறோம். கிளைகள் கூடி விவாதித்து முடிவு செய்யட்டும்.

1. பொங்கல் விழாவுக்கு மலைமக்களை அழைப்போம். முதலில் பேசுவது அவர்கள். பாட்டும் ஆட்டமும் அவர்கள் விருப்பம் போல. என்ன உடுத்துவது என்பது அவர்கள் பாடு. வழிச்செலவும் கூலியும் முன்கூட்டியே பேசி, முழுதாகக் கொடுப்போம். பந்தியில் அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

2. விழா மேடையிலேயே நில மீட்புக்கும் வன உரிமைக்கும் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நம் கையெழுத்துகளோடு அரசுக்கு அனுப்புவோம். கைதட்டலோடு கையெழுத்தும் போட வேண்டும்.

3. அட்டப்பாடியில் ஆதிவாசி நிலத்தை வைத்திருப்பவர் யாராயிருந்தாலும், நம் ஊர்க்காரரோ சொந்தக்காரரோ ஆனாலும், அவருக்காகச் சங்கம் மனு எழுதித் தராது.

4. ஆண்டுதோறும் பிப்ரவரி 19 முதல் 22 வரை, முத்தங்காவையும் மதுவையும் நினைத்து ஒரு மாலையாவது கூடுவோம். பிள்ளைகளையும் அழைத்து வந்து இந்தச் சரித்திரத்தைச் சொல்வோம். வீட்டில் ‘காட்டுவாசி’ என்ற வசவு ஒழியட்டும்.

5. சாதிச் சர்ட்டிபிகேட்டுக்காக நாம் நடத்தும் போராட்டத்தில், தாள் மறுக்கப்பட்ட பழங்குடிக் குடும்பங்களின் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்வோம்.

இவற்றில் மூன்றாவது தீர்மானம் நம்மில் சிலருக்கு மனக்கசப்பைத் தரும் என்பது தெரியும். சந்தா நிறுத்துவோம் என்று சொல்கிறவர்களும் இருக்கக்கூடும். ஆனால் நமக்கு உரிமை கேட்கும் வாயால் இன்னொருவன் உரிமைக்குப் பூட்டுப் போட முடியாது. பிழைக்க வந்த மண்ணில் நமக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு வீட்டு நம்பர், பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று போராடுகிறோம். பிறந்த மண்ணிலேயே அவை இல்லாமல் நிற்கிறவர்கள் நமக்கு இரண்டு மடங்கு உறவினர்கள்.

தோழர்களே, தாய்மார்களே! அடுத்த பொங்கலுக்கு அட்டப்பாடியிலிருந்து விருந்தாளிகள் வரட்டும். தவில் முழங்கட்டும், கொகல் ஒலிக்கட்டும். அவர்கள் திரும்பிப் போகும்போது, நம் கூட்டத்தின் தீர்மானமும் அவர்களோடு சேர்ந்து மலையேறட்டும். கிளைக் கூட்டங்களின் முடிவுகளை அடுத்த மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.